உள்தாழ்ப்பாள்

எழுந்துவிடலாம், இதென்ன பெரிய விஷயம் என்று தனபாக்கியம் நினைத்துக்கொண்டாள். இரண்டு கையையும் பக்கத்தில் ஊன்றி, உடம்பை முன்னால் சாய்த்து ஒரு உந்து உந்தினால் போதும். சோபாவின் அந்தக் கோடியில் நாச்சிமுத்து மட்டும் உட்கார்ந்திருக்காவிட்டால் இந்நேரம் எழுந்து, கொசுவத்தைத் தட்டி விட்டுக்கொண்டு, லிப்ட் பக்கம் போயிருப்பாள். அந்த மனுஷனோ எழுந்து போகிற வழியாக இல்லை. பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருக்குத் தெரியாமல் ஏற்கெனவே உந்திப் பார்த்தாகிவிட்டது. ஒரு தடவை இருமுவதுபோல. இன்னொரு தடவை கீழே விழுந்த கைக்குட்டையை எடுப்பதுபோல. கைக்குட்டை வந்தது, உடம்பு வரவில்லை. எல்லாம் சோபாவின் குற்றம். அமெரிக்காவிலிருக்கும் ஒரு மகன், இந்த இல்லத்தில் காலமான தன் அப்பா நினைவாக வாங்கிக் கொடுத்தது. வயசானவர்கள் இருக்கிற இடத்துக்கு சோபா வாங்குகிறவன், வயசான ஒருத்தரை உட்கார வைத்துப் பார்த்துவிட்டு வாங்க வேண்டாமா? உட்கார்ந்தால் இடுப்பு முட்டிக்குக் கீழே போய்விடுகிறது. பிசைந்த மாவில் விரல் புதைகிற மாதிரி ஆளை உள்ளே வாங்கிக்கொள்கிறது. அந்த மகனுக்கு நல்ல மனசுதான், சந்தேகமே இல்லை. அவன் அப்பா உயிரோடு இருந்திருந்தால் அவரும் இதில் மாட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

அவளாக ஒன்றும் இதில் வந்து விழவில்லை. மத்தியானக் காபி முடிந்த கையோடு ஆபீஸிலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். திருப்பூரிலிருந்து ஒரு தம்பதி, பையனின் அம்மாவுக்கு இடம் பார்க்க வந்திருக்கிறார்கள், நீங்கள் இரண்டு வார்த்தை சொன்னால் நன்றாக இருக்கும் மேடம் என்றார்கள். சொன்னால் நன்றாகத்தான் இருக்கும், அவளை மாதிரி யார் சொல்ல முடியும்? கோயமுத்தூரில் ஒரு பெண்கள் கல்லூரி விடுதியில் தலை நரைக்கிற வரைக்கும் வார்டனாக இருந்தவள். பெண்ணைக் கொண்டுவந்து விடுகிற அப்பாக்கள் வாசலில் நின்று கேட்கிற அதே கேள்விகளைத்தான் இங்கே பெற்றவர்களைக் கொண்டுவந்து விடுகிறவர்களும் கேட்கிறார்கள். சாப்பாடு எப்படி? தண்ணீர் வருமா? எப்போது வந்து பார்க்கலாம்? அந்தப் பையன் மட்டும் கொஞ்சம் யோசித்து, "எல்லாரையும் ஒரே மாதிரி பாத்துக்குவாங்களா மேடம்?" என்று கேட்டான். "ஒரே மாதிரி பாக்கறதுக்கு இதென்ன ஹாஸ்டலா தம்பி?" என்று ஒரு போடு போட்டாள். பிறகு சோபாவில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, அங்கேதான் பிசகிவிட்டது, விளக்கிச் சொன்னாள். மாடியில் இருப்பவர்கள் தங்கள் பாட்டைத் தாங்களே பார்த்துக்கொள்கிறவர்கள். சமையலும் பெருக்குவதும் துவைப்பதும்தான் இல்லத்தின் வேலை, மற்றபடி அவரவர் ரூம் அவரவர் ராஜ்ஜியம். கீழே வலது பக்கம் கைத்தாங்கல் தேவைப்படுகிறவர்கள். குளிக்க, உடுத்த, மாத்திரை எடுத்துக் கொடுக்க ஆள் வரும். அதைத் தாண்டிப் பின்னால் போனால் படுக்கையில் இருப்பவர்கள். நர்ஸ்கள் இரவு பகல் என்று மாற்றி மாற்றி இருப்பார்கள், புண் வராமல் புரட்டிப் போடுவார்கள், குழாய் வழியாகச் சாப்பாடு கொடுப்பார்கள். தோட்டத்துப் பக்கம் மறதிக்காரர்கள்; அங்கே கதவுக்கு நம்பர் பூட்டு, ஆனால் உள்ளே நடைபாதை வளைந்து வளைந்து புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடும், எவ்வளவு நடந்தாலும் தொலைய முடியாது. ஆபரேஷன் முடிந்து தேறுகிற வரைக்கும் தங்குகிறவர்களும் உண்டு, பிள்ளைகள் ஊருக்குப் போயிருக்கிற நேரத்துக்கு மட்டும் வந்து இருந்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. இனி வைத்தியம் எதுவும் வேண்டாம், வலியில்லாமல் இருந்தால் போதும் என்கிறவர்களுக்கும் ஒரு ரூம் இருக்கிறது. அங்கே வெளிச்சம் நன்றாக வரும். "அத்தைக்கு எது சரியா இருக்குங்க?" என்று மருமகள் கேட்டாள். "உங்க அத்தை காலைல எந்திரிச்சதும் முதல்ல என்ன பண்ணுவாங்க கண்ணு?" இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அதைப் பாத்துட்டு வாங்க. எந்தப் பக்கம்னு அப்பறம் சொல்றேன்." நல்ல பிள்ளைகள்தான், முகம் சுருங்கிப் போனாலும் கோபித்துக்கொள்ளவில்லை. நீங்கள் எந்தப் பக்கம் என்று அந்தப் பெண் கேட்டபோது, "நான் மாடி" என்று தலையை நிமிர்த்திச் சொன்னாள். அவர்கள் எழுந்தார்கள். எவ்வளவு சுலபமாக எழுந்தார்கள்! அந்தப் பெண் இவள் கையைப் பிடித்து, வர்றோம்ங்க மேடம் என்றபோது, அப்படியே ஒரு தூக்கு தூக்கி விடு கண்ணு என்று சொல்லியிருந்தால் வேலை முடிந்திருக்கும். மாடி என்று சொன்ன வாயால் எப்படிச் சொல்வது?

சரி, நேரம் இருக்கிறது. இன்றைக்குச் சோதனை நாள், ஆனால் தலைமை நர்ஸ் மேகலா ஐந்து மணி சுமாருக்குத்தான் வருவாள். வார்டில் ஒவ்வொருவர் ரத்தக் கொதிப்பும் பார்த்துவிட்டு, அந்தப் பெரிய கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டே, "மேடம், எந்திரிச்சு அந்தத் தூண் வரைக்கும் போயிட்டு வாங்க பாக்கலாம்" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். அவள் வந்ததிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருதரம் மாடிக்காரர்கள் எல்லோருக்கும் இது உண்டு. பிடிமானமில்லாமல் எழுந்திருக்கிறவர்கள் மாடியில் இருக்கலாம். கையை நீட்டி ஆள் தேடுகிறவர்களைக் கீழே இறக்கிவிடுவாள். போன தடவை தனபாக்கியம் அவள் வருகிறதற்கு முன்பே எழுந்து நின்று ஜன்னல் வழியாகப் பூச்செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டிருக்கிறவளை எப்படி எழுந்திருக்கச் சொல்வது? அதற்கு முந்தின தடவை, தன் ரூமில் இருக்கும் உயரமான மர நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தாள், தட்டியதும் எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள். தட்டியதும். அந்த வார்த்தையைத்தான் மனசு சுற்றிச் சுற்றி வருகிறது. மாடியில் கதவைத் தட்ட வேண்டும், ஏனென்றால் உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறது. கீழே தாழ்ப்பாள் கிடையாது. பித்தளையில் விரல் நீளத்துக்கு ஒரு சாதாரணத் தாழ்ப்பாள்தான். யாரிடமாவது சொன்னால், இதற்கா இவ்வளவு வம்பு என்று சிரிப்பார்கள். மில் குவார்ட்டர்ஸில் ஒற்றை அறை வீட்டில் அப்பா, அம்மா, தம்பி தங்கைகளோடு வளர்ந்தவளுக்குக் கதவைச் சாத்துவதற்கே வழியில்லை. படிக்கிற காலத்தில் விடுதி. பிறகு வார்டன் ரூம், அந்தக் கதவையும் தாழிட முடியாது, எந்த நேரத்திலும் ஒருத்தி வயிற்றுவலி என்று வருவாள், ஒருத்தி அழுதுகொண்டு வருவாள். கல்யாணம் செய்துகொண்டிருந்தால் மட்டும் என்ன, கல்யாணமானவர்களுக்குக் கதவு சொந்தமா என்ன! இங்கே வந்த முதல் நாள் ரூமைக் காட்டிவிட்டு அவர்கள் போனதும், தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தாள். வாழ்க்கையில் முதல் முறையாக அவள் திறந்தால்தான் ஒருவர் உள்ளே வர முடியும். அதை விடுவதாக இல்லை.

கீழே போனால் குடி முழுகிவிடாது, அதுவும் தெரியும். மாடியில் இருந்த சரசா டீச்சர் போன தீபாவளிக்கு முன்னால் கீழே போனாள். இப்போது இரண்டு சுற்றுப் பெருத்து, கன்னமெல்லாம் மின்னுகிறது. வேளைக்கு மாத்திரை, தலைக்கு ஊற்றிவிட ஆள், சாம்பிராணிகூடப் போடுகிறார்களாம். பார்க்கப் போயிருந்தபோது பேசிக்கொண்டே இருக்கையில் கதவு திறந்தது, ஒருத்தி துவைத்த துணி வைத்துவிட்டுப் போனாள். மறுபடி திறந்தது, இன்னொருத்தி தண்ணீர் ஜக்கை எடுத்துக்கொண்டு போனாள். டீச்சர் புடவையை மாற்றிக்கொண்டிருந்தாள், பாவாடையோடு நின்றபடி தன் பேரன் கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தாள், கதவு திறந்ததே அவள் கண்ணில் படவில்லை. தனபாக்கியத்துக்குத் திக்கென்றது. மற்றவர்கள் உள்ளே வருவதுகூடப் பரவாயில்லை. வந்தது தெரியாமல் போய்விடுமே, அந்தப் பழக்கம் தனக்கும் வந்துவிடுமே என்றுதான் பயம். ஆமாம், பயம்தான். வேறு என்ன பெயர் சொல்வது?

"மாஸ்டர், கேரம் போர்டு போட்டாச்சுங்க!" என்று வராந்தாவிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். நாச்சிமுத்து பேப்பரைத் தாழ்த்தாமலேயே, "நீங்க ஆரம்பிங்க, தோ வந்தர்றேன்" என்றார். மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்தவர், ஆகவே எல்லோருக்கும் மாஸ்டர். போகிறார் என்று தனபாக்கியம் கையைத் தயாராகச் சோபாவில் ஊன்றினாள். போகவில்லை. பேப்பர் ஒரு பக்கம் புரண்டது, அவ்வளவுதான். ஆயா ஒருத்தி காலிக் காபி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு வந்தாள். "மேடம், இங்கியே உக்காந்துட்டீங்க? மேல போகலீங்களா?" "காத்து நல்லா வருது." காற்றாவது ஒன்றாவது, மின்விசிறியே நின்று போய்விட்டது, மின்சாரம் போயிருக்கிறது. ஆயா அண்ணாந்து அதைப் பார்த்துவிட்டு இவளையும் பார்த்தாள். இவள் வார்டன் பார்வை ஒன்றைத் திருப்பிப் பார்த்தாள், ஆயா டம்ளரோடு நகர்ந்துவிட்டாள். அந்தப் பார்வை இன்னும் வேலை செய்கிறது. காலுக்கு மட்டும் அந்த அதிகாரம் செல்லுபடியாகவில்லை. எழுந்திரு என்றால் எழுந்திருக்க வேண்டாமா? எத்தனை பெண்களை அதிகாலையில் இந்த ஒரு வார்த்தையில் எழுப்பியிருக்கிறாள்!

குளியலறை ஸ்டூலை நினைக்கக் கூடாது என்று பார்க்கிறாள், அதுதான் வந்து நிற்கிறது. ஆடி மாசம், ஒரு வெள்ளிக்கிழமை காலை. எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றிக்கொண்டு, சீயக்காய்த் தூள் பாதி போயும் பாதி போகாமலும், எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. வலி இல்லை. தலை சுற்றவில்லை. கால் தன் பாட்டுக்கு அங்கே இருந்தது, கேட்டதைச் செய்யவில்லை, அவ்வளவுதான். தண்ணீர் முதுகில் ஆறி ஜில்லென்று ஆயிற்று. கண்ணில் சீயக்காய் எரிந்தது. வெளியே கதவைத் தட்டி, "மேடம், டிபன் ஆறுதுங்க" என்று குரல் வந்தது. அப்போது கத்தியிருக்கலாம். என்ன செய்தாள்? "குளிச்சிட்டிருக்கேன்" என்றாள். அதுவும் எப்படிப்பட்ட குரலில், விடுதி மாடிப்படி முழுக்கக் கேட்குமே அந்தக் குரலில். செருப்புச் சத்தம் போய்விட்டது. ரூம் கதவும் தாழ், குளியலறைக் கதவும் தாழ், இரண்டு தாழ்ப்பாளுக்கு உள்ளே ஒரு பொம்பிளை ஈரத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். அந்தத் தாழ்ப்பாளை உடைக்க எவ்வளவு நேரமாகும் என்று யோசித்தாள். உடைத்துக்கொண்டு வருகிறவர்களில் ஆம்பிளை யார் யார் இருப்பார்கள் என்று யோசித்தாள். அப்புறம் ஒரு மாதிரி பக்கவாட்டில் சரிந்து, முட்டி போட்டு, குழாயைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ஜெயித்துவிட்டோம் என்றுதான் அன்றைக்குத் தோன்றியது. டிபனுக்குப் போனபோது தலையில் சீயக்காய் அப்படியே இருந்ததை யாரும் கேட்கவில்லை. அன்றிலிருந்து தலைக்கு ஊற்றிக்கொள்வதே இல்லை, பக்கெட்டில் முக்கிய துண்டால் நின்றபடி துடைத்துக்கொள்கிறாள். தாழ்ப்பாளைக் காப்பாற்றுவதற்காகக் குளிப்பதை விட்டாயிற்று. இதை இப்படி நேராக நினைத்தது இன்றைக்குத்தான், இந்தச் சோபாவில்தான். சீ, வேறு எதையாவது நினைப்போம்.

இந்த மனுஷன் ஏன் போக மாட்டேன் என்கிறார்? கேரம் என்றால் சாப்பாட்டைக்கூட ஒத்திப் போடுகிறவர். வராந்தாவில் காய்கள் மோதுகிற சத்தம் கேட்கிறது, ஒவ்வொரு சத்தத்துக்கும் அவர் காது அசைகிறது, ஆனால் ஆள் அசையவில்லை. பேப்பரைப் பார்த்தாள். அது நேற்றையது. கால் இரண்டையும் அகட்டி, குதிகாலைச் சோபாவை ஒட்டி இழுத்து வைத்திருக்கிறார். எழுந்திருக்கப் போகிறவன் கால் வைக்கிற விதம் அது, ஆனால் வெகு நேரமாக அப்படியே இருக்கிறது. தனபாக்கியத்துக்கு ஏதோ உறைத்தது. விடுதியில் திடீரென்று ரூமுக்குள் போனால் எல்லாப் பெண்களும் மரியாதையாக எழுந்து நிற்பார்கள். ஒருத்தி மட்டும் கட்டிலை விட்டு அசைய மாட்டாள், குட் ஈவ்னிங் மேடம் என்று உட்கார்ந்தபடியே பல்லைக் காட்டுவாள். அந்தக் கட்டிலுக்கு அடியில்தான் அயர்ன் பாக்ஸோ மின்சார அடுப்போ இருக்கும். இந்த மாதிரி உட்கார்ந்திருப்பவர்களை அவள் வாழ்நாள் முழுக்கப் பார்த்தவள், இவரிடம் எப்படிக் கோட்டை விட்டாள்? தன் பாட்டையே நினைத்துக்கொண்டிருந்ததில் வந்த வினை.

"மாஸ்டர்."

"சொல்லுங்க மேடம்."

"உங்களுக்கும் எந்திரிக்க முடியலயா?"

பேப்பர் மெல்ல மடிந்து மடியில் விழுந்தது. நாச்சிமுத்து வராந்தாவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். "மெதுவாப் பேசுங்க மேடம்" என்றார். "நீங்க போயிட்டீங்கன்னா, அப்பறம் பொறுமையா எந்திரிச்சுக்கலாம்னு பாத்துட்டிருக்கறனுங்க."

"நீங்க போகட்டும்னு நான் பாத்துட்டிருக்கேன்!"

"அட, அப்படிங்களா!" என்றவர் சிரிக்க ஆரம்பித்தார். தனபாக்கியமும் சிரித்தாள். சத்தம் வெளியே போகாமல் இருக்க இருவரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள், வயிறு குலுங்கியது, சோபா இன்னும் ஒரு விரற்கடை உள்ளே வாங்கியது. அதற்கும் சேர்த்துச் சிரித்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மேகலா வர்ற நேரமாச்சுங்க" என்று அவர் சொன்னபோது அந்தக் குரலில் சிரிப்பு இல்லை. அவருக்கும் மாடிதான். அவருக்கும் உள்ளே ஏதோ ஒரு ஸ்டூல் இருக்கும், கேட்க வேண்டியதில்லை. "இங்க நகந்து வாங்க மாஸ்டர். கையைக் கோத்துக்குங்க. வெக்கமெல்லாம் அப்பறம் படலாம்." அவர் நகர்ந்து வந்தார், அது நகர்தல் என்றால். முழங்கையும் முழங்கையும் கோத்துக்கொண்டார்கள். முதல் தடவை பாதி எழுந்து பொத்தென்று விழுந்தார்கள். "நான் சொன்னப்பறம் எந்திரிங்க, நீங்களா முந்தாதீங்க" என்று அதட்டினாள். "சரிங்க மேடம்" என்றார். மூச்சை இழுத்து, "எந்திரி" என்றாள், பழைய குரலில். எழுந்துவிட்டார்கள். மேஜையும் ஜன்னலும் பூச்செடிகளும் சரியான உயரத்துக்கு வந்து நின்றன. நிற்கிறாள். இவ்வளவு நேரம் தனியாக மல்லுக்கட்டி நடக்காதது இன்னொரு கை இருந்ததும் நடந்துவிட்டது, அது ஒன்றும் கேவலமாகவும் இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அன்றைக்கு வெளியே ஒரு கை இருந்தது. குளிச்சிட்டிருக்கேன் என்று சொல்லி அதை அனுப்பிவிட்டாள். பூட்டிய கதவுக்கு உள்ளே யாருக்கு எதிராக அவ்வளவு கம்பீரமாக உட்கார்ந்திருந்தாள்?

மேகலா வந்துவிட்டாள். கையில் ரத்தக்கொதிப்பு பார்க்கிற கருவி, நெற்றியில் வியர்வை. "அட, ரெண்டு பேரும் நின்னுட்டிருக்கீங்க! அப்ப நான் எந்திரிக்கச் சொல்லவே வேண்டாம்" என்றாள். நாச்சிமுத்து கையை விடுவித்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தினார். இதோ முடிந்தது, தூண் வரைக்கும் நடந்து காட்டினால் இன்னும் மூன்று மாதம் மாடி, தாழ்ப்பாள், எல்லாம். நடப்பதில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. "சோபால இருந்து எந்திரிக்கச் சிரமம் இல்லீங்கள்ல மேடம்?" என்று மேகலா பேச்சுக்குத்தான் கேட்டாள், இல்லை என்ற பதிலை எதிர்பார்த்து ஏற்கெனவே திரும்பிவிட்டாள். தனபாக்கியம் வாயைத் திறந்தாள். இல்லை என்ற வார்த்தை நுனிநாக்கில் தயாராக இருந்தது, எத்தனையோ வருஷம் விடுதிப் பெண்கள் சொல்லிக் கேட்ட பொய், அதைவிட நன்றாகவே இவளால் சொல்ல முடியும். ஆனால் ஒருநாள் இவளை யாரோ வந்து இறக்கத்தான் போகிறார்கள், ஸ்டூலோடு சேர்த்து, ஈரத்தோடு, கதவை உடைத்து. தனபாக்கியத்தை யாரும் இறக்கிவிடக் கூடாது. இறங்குவதென்றால் அவளே இறங்குவாள்.

"சிரமம் இருக்கு கண்ணு. தனியா முடியாது. மாஸ்டர்தான் கை குடுத்துத் தூக்கிவிட்டார்."

நாச்சிமுத்து திரும்பிப் பார்த்தார். அவர் வாய் ஏதோ சொல்லப் போயிற்று. தனபாக்கியம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை; அவர் பாட்டை அவர் சொல்லிக்கொள்ளட்டும், எப்போது சொல்வது என்பது அவர் இஷ்டம். "கேரம் முடிஞ்சிரப் போகுது மாஸ்டர்" என்றாள். அவர் இரண்டு எட்டு வைத்து நின்று, அவளைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு வராந்தாவுக்குப் போனார்.

எழுந்திருக்க முடியாதவர்களிடம் எவ்வளவோ பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்துத்தான் மேகலாவுக்குப் பழக்கம். "பரவால்லீங்க மேடம், இன்னொருக்கா பாத்துட்டு..." என்று இழுத்தாள்.

"பாக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. ஆடி மாசத்துல இருந்து நான் தலைக்கு ஊத்தல. நாளைக்கே கீழ ரூம் போடு. கிழக்குப் பாத்த ஜன்னல் வேணும். குளிக்க வெக்கறதுக்குச் சிரிச்சுப் பேசற பொண்ணா அனுப்பாதே, கை அழுத்தமா இருக்கற பொண்ணா அனுப்பு."

"சரிங்க மேடம்."

"இன்னும் ஒண்ணு இருக்கு. அங்க தாழ்ப்பாள் இல்லைன்னு தெரியும். ஆனா யாரா இருந்தாலும் கதவைத் தட்டணும். நான் வான்னு சொன்னாத்தான் உள்ள வரணும். துணி வெக்கறவளா இருந்தாலும் சரி, தண்ணி எடுக்கறவளா இருந்தாலும் சரி, நீயா இருந்தாலும் சரி. என் ரூமுக்கு மட்டும் இல்ல. கீழ இருக்கற அத்தனை ரூமுக்கும். சரசா டீச்சர் ரூமுக்கும்."

மேகலா தலையாட்டினாள். "சொல்லிடறேன் மேடம், எல்லாருக்கும் சொல்லிடறேன்." பிறகு, கேட்கலாமா கூடாதா என்று தயங்கி, தனபாக்கியத்தின் முழங்கையை மெதுவாகப் பிடித்துக்கொண்டு, "தட்டியும் உள்ள இருந்து சத்தம் வரலைன்னா மேடம்?" என்றாள்.

தனபாக்கியம் அந்தக் கையை உதறவில்லை. அதில் கொஞ்சம் பாரத்தைப் போட்டுக்கொண்டு தூணை நோக்கி நடந்தாள்.

"அப்ப வாசல்ல நிக்காதே கண்ணு. ஓடி வந்துரு."